கலைச்சொல் விவாதம்: ‘நிகழ்வு எல்லை’க்கு மாற்றாக ‘எட்டாவரம்பு’

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கருந்துளையைச் சூழ்ந்து, உள்ளிருந்து ஒளியும் வெளியே வர முடியாத வரம்பாகச் சொல்லப்படும் ‘நிகழ்வு எல்லை’க்குத் (event horizon) தகுந்த தமிழ்ச்சொல் எது என்று தொடங்கிய உரையாடலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ‘நிகழ்வெல்லை’ ஏற்கெனவே பரவிவிட்டது, இனி அதை அசைக்க வேண்டாம் என்பது சென்னை அன்பரின் நிலைப்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அம்மையார் ‘நிகழ்வுத் தொடுவானம்’ என்பதை விரும்புகிறார். கோவை ஐயா ‘மீளா எல்லை’ என்று முன்மொழிந்திருக்கிறார். மூன்றுக்கும் நியாயம் உண்டு. ஆயினும் அந்தக் கருத்தின் உள்ளே இறங்கிப் பார்க்கும்போது இம்மூன்றும் ஒவ்வோர் இடத்தில் கைவிடுகின்றன என்பது என் எண்ணம். ஆகவே ‘எட்டாவரம்பு’ என்ற சொல்லையும், அதனோடு இணைந்து நிற்க வேண்டிய ‘எட்டிய வரம்பு’, ‘எட்டும் வரம்பு’ என்ற இரண்டையும் குழுவின் முன் வைக்கிறேன்.

முதலில் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. கருந்துளைகளைப் பற்றிப் பேசும்போதே நாம் இச்சொல்லைப் பயன்படுத்துவதால் அது அங்கேயே பிறந்தது என்று பலரும் கருதுகிறோம். உண்மையில் 1956இல் வுல்ப்காங் ரிண்ட்லர் அண்டத்தின் மாதிரிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில்தான் அந்த ஆங்கிலச்சொல் அறிமுகமாயிற்று. விரிந்துகொண்டே போகும் அண்டத்தில் ஓர் அவதானிக்கு, அதாவது நோக்குபவருக்கு, எந்தெந்த இடங்களிலிருந்து ஒளி வந்து சேரும், எங்கிருந்து ஒருபோதும் வந்து சேராது என்பதே அவருடைய கேள்வி. அதே கட்டுரையில் அவர் இரண்டு வகைகளைப் பிரித்தார். அவற்றுள் ஒன்றை நாம் இப்போது ‘நிகழ்வு எல்லை’ என்கிறோம். மற்றையதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘துணிக்கை எல்லை’ (particle horizon) என்று எழுதுகிறோம். ரிண்ட்லர் துணிக்கை என்று குறித்தது இலத்திரனையோ புரோத்தனையோ அன்று; அண்டத்தின் பரவலோடு சேர்ந்து நகரும் பேரடைகளையே, அதாவது விண்மீன்களின் பெருந்திரள்களையே, அவர் கணித வசதிக்காகத் துணிக்கைகளாகக் கொண்டார். நம் மாணவர் ‘துணிக்கை எல்லை’ என்று படித்தவுடன் அணுவின் உள்ளே எதையோ தேடப் போகிறார். கருந்துளைக்கு ‘நிகழ்வு எல்லை’ என்ற சொல் பின்னர்தான் வந்து சேர்ந்தது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குச் சுவார்ட்சைல்டு கண்டு 1916இல் வெளிவந்த தீர்விலேயே அந்தப் பரப்பு ஒளிந்திருந்தது. அது உள்ளே போக மட்டும் வழிவிடும் ஒருவழிப் பரப்பு என்பதை 1958இல் டேவிட் பிங்கெல்ஸ்டைன் தெளிவாக்கினார். எனவே நாம் தேடும் சொல் அண்டத்துக்கும் கருந்துளைக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

‘நிகழ்வெல்லை’யை ஏன் விட்டுவிடலாம் என்கிறேன்? இலங்கைத் தமிழில் ‘நிகழ்வு’ என்றால் பரிசளிப்பு நிகழ்வு, நினைவேந்தல் நிகழ்வு என்றே காதில் விழும். இடமும் நேரமும் சேர்ந்து குறிக்கப்பட்ட ஒரு புள்ளி என்ற பௌதிகவியல் பொருள் அதில் தானாக எழுவதில்லை. ‘எல்லை’யோ ஏற்கெனவே பெருஞ்சுமை தாங்கி நிற்கிறது. உயர்தரக் கணிதத்தில் ஒரு சார்பு எதை அணுகுகிறதோ அது எல்லை. நாட்டுக்கும் காணிக்கும் எல்லை. சமன்பாட்டின் ஓரத்து நிபந்தனையும் எல்லை நிபந்தனை. இந்த எல்லாவற்றிலும் எல்லை என்பது அங்கே உள்ள ஒன்று, அளந்து கல் நாட்டக்கூடிய ஒன்று. நாம் பேசும் பொருளுக்கு அந்தத் தன்மையே இல்லை.

தொடுவானத்தை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் இருப்பவனுக்கு அது படித்துத் தெரிந்துகொள்ளும் கருத்து அன்று. சுவாமிமலையில் கோணேசர் கோயில் அருகே நின்று கிழக்கே பார்த்தால், கடலும் வானும் ஒட்டிய அந்தக் கோடு வங்காள விரிகுடாவின் மேல் வளைவின்றி நீண்டு கிடக்கிறது. கண் கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றர் உயரத்தில் இருந்தால் அந்தக் கோடு சுமார் 36 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். கீழே இறங்கிக் கடற்கரை மணலில் நின்றால் அது ஐந்து கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்கிவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டிப் போகும் படகில் இருப்பவருக்கு அங்கே கோடும் இல்லை, மாற்றமும் இல்லை. நீர் முன்போலவே அலையடிக்கிறது, அவருக்கென்று வேறொரு கோடு இன்னும் அப்பால் தெரிகிறது. எதுவும் அங்கே இல்லை, ஆனாலும் நோக்குபவருக்கு அது உண்மையான வரம்பு: இந்த இரண்டையும் ஒரே காட்சியில் காட்டுவதால் தொடுவானம் மிகச் சிறந்த கற்பித்தல் உதவி. வகுப்பில் அதை விடாமல் பயன்படுத்துவோம்.

ஆனால் கலைச்சொல்லாக அது ஓரிடத்தில் தவறான பாடத்தைச் சொல்லிவிடுகிறது. அடிவானத்துக்கு அப்பால் போன படகு விடியற்காலையில் மீனோடு திரும்பி வரும். நாம் சற்று உயரம் ஏறினால் மறைந்த படகின் பாய்மரம் மறுபடியும் தெரியும். பூமியின் வளைவு மறைத்ததை உயரம் மீட்டுத் தருகிறது. கருந்துளையின் வரம்புக்கு உள்ளே நடந்ததை எந்த உயரமும், எவ்வளவு பெரிய தொலைகாட்டியும், எவ்வளவு நீண்ட காத்திருப்பும் மீட்டுத் தராது. மறைவு என்பது வேறு, ஒருபோதும் வந்து சேராமை என்பது வேறு.

கோவை ஐயாவின் ‘மீளா எல்லை’ இந்தக் குறையை நேராகத் தீர்க்கிறது. அதனால்தான் நீண்ட நேரம் அதனோடே நின்றேன். உள்ளே போனது மீளாது என்பது கருந்துளைக்குச் சரி. ஆனால் அண்டத்தின் வரம்புக்கு அப்பால் இருக்கும் பேரடைகள் இங்கிருந்து போய் மீளாதவை அல்ல. அவை எங்கும் ‘விழவில்லை’. அங்கே இன்று எழும் ஒளி இங்கே வந்து சேராது, அவ்வளவுதான். ஆகவே போவதையும் வருவதையும் பேசாமல், செய்தி சென்று சேர்வதைப் பேசும் ஒரு வினை வேண்டும்.

அந்த வினை நம்மிடம் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் என்கிறோம். காதுக்கு எட்டியது, அறிவுக்கு எட்டாதது, எட்டாக்கனி என்கிறோம். எட்டுதல் என்பது கையாலும் கண்ணாலும் காதாலும் அறிவாலும் நடக்கிறது. எந்தப் புலனையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. இது மிக முக்கியம். ‘காட்சியெல்லை’ என்று எழுதிய அன்பருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: அண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் வரை அது ஒளி ஊடுருவ முடியாத புகைமூட்டமாக இருந்தது. ஆகவே ஒளியால் காணக்கூடியது அந்த மூட்டம் கலைந்த காலம் வரையே. ஈர்ப்பலைகளும் நியூத்திரினோக்களும் அதற்கு முன்னரே புறப்பட்டு வந்திருக்க முடியும். வரம்பை வகுப்பது கண் அன்று. எந்த வகைச் செய்தியும் ஒளியின் கதியை மீற முடியாது என்ற விதியே வகுக்கிறது.

இனி என் முன்மொழிவின் மையத்துக்கு வருகிறேன். ரிண்ட்லர் பிரித்த இரண்டு வரம்புகளுக்கும் இடையிலான வேறுபாடு காலத்தைப் பற்றியது. ‘துணிக்கை எல்லை’ என்று நாம் எழுதும் வரம்பு, அண்டம் தோன்றியதிலிருந்து இன்றுவரை எவ்வளவு தூரத்திலிருந்து செய்தி வந்து சேர்ந்திருக்க முடியும் என்பதைச் சொல்கிறது. இது முடிந்துபோன காலத்தின் கணக்கு. இதை ‘எட்டிய வரம்பு’ என்றால் இறந்தகாலப் பெயரெச்சமே அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் வெளியும் விரிந்துகொண்டே இருந்ததால், எட்டிய வரம்பு இன்று 1,380 கோடி ஒளியாண்டில் நில்லாமல் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

மற்றையதான ‘நிகழ்வு எல்லை’க்கு அப்பால் இன்று நடப்பது நமக்கு நாளையும் வராது, எத்தனை கோடி ஆண்டு கழிந்தாலும் வராது. அண்டத்தின் விரிவு ஆர்முடுகலோடு, அதாவது வேகம் கூடிக்கொண்டே, நடக்கிறது என்பதை 1998இல் தொலைதூர விண்மீன்களின் மீவெடிப்புகளை அளந்து கண்டறிந்த பிறகு, இப்படி ஒரு வரம்பு நம் அண்டத்துக்கு இருக்கிறது என்ற முடிவு உறுதி பெற்றது. அது இன்று சுமார் 1,600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இதை ‘எட்டா வரம்பு’ என்கிறேன். ‘எட்டா’ என்பது ‘எட்டாத’ என்பதன் ஈறு கெட்டு நிற்கும் எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது, முக்காலத்துக்கும் பொதுவானது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘எட்டாத செய்தி’ என்றால் நேற்றும் இன்றும் நாளையும் எட்டாத செய்தி. பௌதிகவியல் இங்கே கேட்பதும் துல்லியமாக அதுவே. முடிவிலாக் காலம் வரை காத்திருந்தாலும் எட்டாது என்றால் மட்டுமே அது அந்த வரம்பு. ஒரு நாள் எட்டக்கூடும் என்றால் அது அந்த வரம்பு அன்று. ஆங்கிலம் இதைச் சொல்ல ஒரு முழு வரைவிலக்கணம் எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் ஓரெழுத்து கெட்ட ஒரு பெயரெச்சம் அதைத் தாங்குகிறது.

இந்த வரிசையில் மூன்றாவது சொல் ‘எட்டும் வரம்பு’. இன்றுவரை நமக்கு வந்து சேராத பழைய ஒளி சில பேரடைகளிலிருந்து இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. எல்லாக் காலமும் கழிந்த பின் எவ்வளவு தூரம் வரையுள்ள பேரடைகளின் இளமைக் கோலமாவது நமக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று கேட்டால், இன்றைய தூர அளவில் அது சுமார் 6,200 கோடி ஒளியாண்டு. இது எட்டிய வரம்பையும் எட்டா வரம்பையும் கூட்டினால் வரும் தொகை. தற்செயல் அன்று, தோற்றத்திலிருந்து இன்றுவரை ஒளி கடந்த தூரமும் இன்றிலிருந்து முடிவுவரை கடக்கப்போகும் தூரமும் சேர்ந்தால் அதுதான் மொத்தம். எட்டிய, எட்டும், எட்டா என்ற மூன்றும் ஒரு வினையின் மூன்று வடிவங்களாக நின்று இந்தக் கணக்கைக் காட்டுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

சொற்கள் சரியாக அமைந்தால் அவற்றைக் கொண்டு சிந்திக்க முடிகிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: நாம் இன்று காணும் பேரடைகளிற் பெரும்பாலானவை எட்டிய வரம்புக்கு உள்ளேயும் எட்டா வரம்புக்கு வெளியேயும் இருக்கின்றன. அவற்றின் பழைய ஒளி நம் தொலைகாட்டிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அவற்றில் இன்று பிறக்கும் ஒளியோ ஒருபோதும் விழாது. கனவளவில் கணக்கிட்டால், எட்டிய வரம்புக்குள் அடங்கிய அண்டத்தில் எட்டா வரம்புக்கு உட்பட்ட பகுதி இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ‘துணிக்கை எல்லைக்கு உள்ளே, நிகழ்வு எல்லைக்கு வெளியே’ என்று எழுதியிருந்தால் இதைப் படிப்பவர் மனத்தில் என்ன எழுந்திருக்கும்?

இங்கே ஒரு கேள்வி என்னை நிற்க வைக்கிறது. அந்தப் பேரடைகள் இன்று இருக்கின்றனவா? அவற்றின் இன்றைய நிலை நம்மை எவ்வகையிலும் தொடாது. எந்தச் சோதனையாலும் அதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாததைப் பற்றி இருக்கிறது என்று சொல்வது அறிவியல் ஆகாது என்று வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒரு பேரடை நம் எட்டா வரம்பைக் கடக்கும் கணத்தில் அங்கே எதுவும் நிகழ்வதில்லை. அங்குள்ள ஒருவருக்கு நாம்தான் அவருடைய எட்டா வரம்பைக் கடந்து போகிறோம். நம் இருப்பு அவருக்கு எட்டாததால் நாம் இல்லாமற் போவதில்லை. இருத்தலும் எட்டுதலும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதை மாணவருக்கு உணர்த்த இதைவிடத் தெளிவான இடம் பௌதிகவியலில் இல்லை என்று கருதுகிறேன். ‘எட்டு’ என்ற வினை நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்பதும் இங்கே உதவுகிறது: யாருக்கு எட்டா? நமக்கு எட்டா வரம்பு வேறு, அவருக்கு எட்டா வரம்பு வேறு. அவதானியைக் கேட்காமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே முடியாது.

கருந்துளைக்கு வருவோம். 2019 ஏப்பிரலில் எம்87 பேரடையின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வெளியானபோது, நிகழ்வு எல்லையையே படம்பிடித்துவிட்டார்கள் என்று பலர் புரிந்துகொண்டார்கள். படத்தில் இருப்பது அந்த வரம்பு அன்று. ஒளி வளைந்து சுழல்வதால் விழும் நிழல். அதன் ஆரை வரம்பின் ஆரையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ‘எட்டா வரம்பைப் படம்பிடித்தார்கள்’ என்று எழுத முனைபவரின் கை அங்கேயே தயங்கும். அந்தக் கருந்துளையின் திணிவு சுமார் 650 கோடி சூரியன்களுக்குச் சமம். எட்டா வரம்பின் ஆரை ஏறத்தாழ 1,900 கோடி கிலோமீற்றர், அதாவது நெப்தியூனின் பாதையின் ஆரையைப்போல் நான்கு மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய வரம்பில் ஈர்ப்பின் இழுப்பு உடலின் தலைக்கும் காலுக்கும் இடையே உணரத்தக்க அளவு வேறுபடாது. சுற்றியுள்ள கொதிக்கும் வாயுவை மறந்துவிட்டால், அதைக் கடப்பவருக்குக் கடந்தது தெரியாது.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. வெறும் வெளியில் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளியாலான ஒரு கோளவோடு அவரை நோக்கிச் சுருங்கி வருகிறது. கருந்துளையாவதற்குப் போதிய சத்தி அதில் இருக்கிறது. ஓட்டின் உள்ளே ஈர்ப்பு எதுவும் இல்லை. ஒளியின் கதியிலேயே அது வருவதால் முன்னறிவிப்பும் இல்லை. அப்படியிருந்தும் ஓடு வந்து சேரும் முன்னரே எட்டா வரம்பு மையத்தில் ஒரு புள்ளியாகப் பிறந்து, வெளிநோக்கி வளர்ந்து, அவரைக் கடந்துவிடுகிறது. அவருடைய கருவிகள் எவையும் எதையும் காட்டவில்லை. ஆனால் இனி அவர் அனுப்பும் எந்தச் செய்தியும் வெளியே எவருக்கும் எட்டாது. வரம்பின் இடத்தை நிர்ணயிப்பது இன்றைய நிலை அன்று, இனி நடக்கப்போவது முழுவதும். காலம் காட்டாத எதிர்மறைப் பெயரெச்சத்தை இந்த இடத்துக்காகவே நான் வலியுறுத்துகிறேன்.

வரக்கூடிய எதிர்வாதங்களில் ஒன்று வலுவானது. ஹோக்கிங் 1974இல் காட்டிய கதிர்வீச்சு கருந்துளையிலிருந்து வருகிறதே, பிறகு எப்படி ‘எட்டா’? அந்தக் கதிர்வீச்சு வரம்புக்கு வெளியே உருவாவது. உள்ளிருந்து எதையும் கொண்டுவருவதாக அந்தக் கணிப்பு சொல்லவில்லை. சூரியத் திணிவுள்ள கருந்துளைக்கு அதன் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. ஆனால் கருந்துளை ஆவியாகித் தீரும்போது உள்ளே போன தகவல் முழுவதும் எவ்வகையிலோ வெளியே வந்துவிடுகிறது என்பது நிறுவப்பட்டால், வரைவிலக்கணப்படி அங்கே எட்டா வரம்பு இருந்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டிவரும். அறிஞர்கள் இன்று வாதிடுவதும் இதைப் பற்றியே. ஆகவே சொல் அந்த வாதத்தை மறைக்காமல் திறந்து வைக்கிறது.

‘வரம்பு’ என்றால் வயல்வரம்பு அல்லவா என்று கேட்டிருந்தார் ஓர் அன்பர். ஆம், எங்கள் பக்கத்துத் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் அது மண்ணால் ஆனது, அதன்மேல் நடக்கலாம். ஆனால் வரம்பு மீறிய பேச்சு என்கிறபோது மண் இல்லை. எல்லைக்கு இல்லாத இந்த நெகிழ்வு வரம்புக்கு இருக்கிறது. ‘எட்டு’ எண்ணோடு மயங்கும் என்ற அச்சம் ‘எட்டெல்லை’ போன்ற வடிவங்களுக்குப் பொருந்தும். எட்டிய, எட்டா என்று வினையாகவே நிற்கும்போது எண்ணாகப் படிக்க வழியில்லை. புதுச்சொல் காதுக்குப் பழகாது என்பாருக்கு ஆர்முடுகலையும் (முடுக்கம்) மீடிறனையும் (அதிர்வெண்) நினைவூட்டுகிறேன். அவற்றைச் சொற்றொகுதியில் முதன்முதலாகக் கண்டவர்களுக்கும் அவை புதியவையே. இன்று எங்கள் பிள்ளைகள் அவற்றைக் கொண்டே கணக்குச் செய்கிறார்கள்.

ஒரு சிறு நடைமுறை: எட்டா வரம்பு வழக்கில் ஒரு சொல்லாகிவிடும் என்பதால் ‘எட்டாவரம்பு’ என்று சேர்த்தே எழுதலாம் என நினைக்கிறேன், எட்டிய வரம்பையும் எட்டும் வரம்பையும் பிரித்து எழுதலாம். ஹபிள் ஆரையை இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. விரிவுக் கதி ஒளியின் கதிக்குச் சமமாகும் தூரம் அது, அதற்கு அப்பாலிருந்தும் செய்தி எட்டுகிறது.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. வெளிநோக்கி அனுப்பிய ஒளிக்கற்றையும் விரிவதை நிறுத்திவிடும் பரப்பு ஒன்று கருந்துளைக்கு உண்டு. எதிர்காலத்தை அறியாமலே, இக்கணத்து நிலையை மட்டும் கொண்டு அதன் இடத்தைக் காண முடியும். கணினியில் கருந்துளை மோதல்களைக் கணிப்பவர்கள் தேடுவது அதைத்தான். ஆங்கிலத்தைப் பின்பற்றி அதைத் ‘தோற்ற எல்லை’ (apparent horizon) என்கிறோம். அது பொய்த்தோற்றம் என்ற எண்ணத்தைத் தருவதால் எனக்கு உடன்பாடில்லை. எட்டுதல் என்ற வினை அதற்குப் பொருந்தாது. ஒளி விரியாது நிற்பதைச் சொல்லும் வேறொரு வினை வேண்டும். ‘விரியா வரம்பு’ என்று எழுதிப் பார்த்தேன். அண்டத்தின் விரிவோடு குழம்புமோ என்று தயங்குகிறேன். கோவை ஐயாவும் யாழ்ப்பாண அம்மையாரும் இதற்கு ஒரு சொல் யோசித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியர்